மோல்ரனில் பறந்த மஞ்சள் விமானங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இரண்டு கிழமைக்கு முந்திய உங்கள் இதழில், போரில் இறந்த படையினரை நினைக்கும் நவம்பர் 11 நினைவு நாளைப் பற்றி ஒரு தம்பி கடிதம் எழுதியிருந்தார். பொப்பி மலரைச் சட்டையில் குத்துவது வெள்ளைக்காரருடைய வழக்கம், அந்தப் போருக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருந்தார். நேர்மையான கேள்வி. 1988இல் இங்கே வந்தபோது நானும் இதைத்தான் கேட்டேன். என்னிடம் இருக்கும் பதில் கொஞ்சம் நீளம். பத்திரிகையில் இடம் இருந்தால் வெட்டாமல் போடுங்கள்.

எங்களில் பெரும்பாலானோர் கனடா மண்ணில் முதன்முதல் கால்வைத்த இடம் ரொறன்ரோவின் பியர்சன் விமானநிலையம். நான் ஒரு பெப்ரவரி மாத இரவில், இன்று இடித்துவிட்ட பழைய முனையம் ஒன்றில், மெல்லிய கோட்டோடும் ஒரு சூட்கேசோடும் வந்து இறங்கினேன். அடுத்த வருடமே அதே நிலையத்தில் பொதி ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது. 26 வருடம் செய்தேன், பெரும்பாலும் இரவு வேலை. அந்த நிலத்தின் குளிரும் காற்றும் எந்தப் பக்கத்திலிருந்து எப்போது வரும் என்பது என் உடம்புக்கே தெரியும். ஆனால் அந்த நிலத்தில் முன்பு என்ன நடந்தது என்பது பத்து வருடத்துக்கு எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சொன்னவர் பக்கத்து வீட்டு அம்மா. அப்போது நாங்கள் விமானநிலையத்துக்குப் பக்கத்தில் மோல்ரனில், விக்டரி கிரெசன்ற் தெருப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டின் பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தோம். அந்தச் சுற்றாடலில் வீடுகள் எல்லாம் சின்னச் சின்னதாக, ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். தெருக்களில் ஒன்றின் பெயர் சேர்ச்சில். ஏன் இப்படிப் பெயர் என்று ஒருநாள் பனி அள்ளும்போது கேட்டேன். "இதெல்லாம் இரண்டாம் உலகப் போருக்காகக் கட்டிய வீடுகள், 1942இல், விமானத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்காக" என்றார். அவரே அங்கே வேலை செய்தவர். 19 வயதுப் பெண்ணாக லங்காஸ்ரர் குண்டுவீச்சு விமானங்களுக்கு ஆணி அடித்தவர். ஒருவர் வெளியே நின்று துப்பாக்கி போன்ற கருவியால் ஆணியை அடிக்க, மற்றவர் உள்ளே தவழ்ந்து போய் இரும்புக் கட்டியை மறுபக்கம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இவர் ஒல்லியானவர் என்பதால் எப்போதும் இவரைத்தான் உள்ளே அனுப்புவார்களாம். கடைசிக் காலத்தில் அவருக்குக் காது சரியாகக் கேட்காது. அந்தச் சத்தத்தால் வந்தது என்பார்.

அவர்தான் மஞ்சள் விமானங்களைப் பற்றிச் சொன்னார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து நின்றால் வானத்தில் மஞ்சள் விமானங்கள் பறந்துகொண்டே இருக்குமாம். "அதில் இருந்தவர்கள் எல்லாம் பெடியன்கள். என் தம்பி வயது" என்றார்.

அதற்குப் பிறகு நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன். இரவு வேலை முடிந்து காலை தூங்கி எழுந்தால் மத்தியானம் சும்மாதான் இருப்பேன். அப்படிப் படித்ததைத்தான் எழுதுகிறேன்.

1937இல் மோல்ரன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் பண்ணை நிலங்களை வாங்கி இந்த விமானநிலையத்தை அமைத்தார்கள். அதன் முதல் முனையம் ஒரு பண்ணைவீடு. நிலையம் ஒழுங்காக இயங்கத் தொடங்குமுன் போர் வந்துவிட்டது. பிரித்தானியாவில் வானம் சிறியது. மழையும் மூட்டமும் அதிகம், ஜெர்மன் விமானங்கள் எந்த நேரமும் வரலாம். கற்றுக்குட்டிகளுக்கு அங்கே பறக்கப் பழக்குவது கடினம். ஆகவே 1939 டிசம்பர் 17ஆம் திகதி, நள்ளிரவு கழிந்த வேளையில், ஒட்டாவாவில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து, விமானப்படைக்கு வேண்டிய ஆட்களைக் கனடாவில் பயிற்றுவது என்று முடிவு. அன்று பிரதமர் மக்கென்சி கிங்குக்குப் பிறந்தநாளும்கூட. ஐந்து வருடத்தில் இந்தத் திட்டத்தில் தேறி வெளியே போனவர்கள் 131,553 பேர். அவர்களில் 72,835 பேர் கனடிய விமானப்படையினர். மொத்தச் செலவு 220 கோடி டொலருக்குக் கிட்ட, அதில் பெரும்பங்கு கனடாவினுடையது.

மோல்ரனில் இரண்டு பள்ளிகள் இருந்தன. 1940 மே மாதம் திறந்தது முதலாம் இலக்க வான் அவதானிகள் பள்ளி. அவதானி என்றால் விமானத்துக்கு வழி கண்டுபிடித்துச் சொல்பவர். அடுத்த மாதம் திறந்தது முதலாம் இலக்க ஆரம்பப் பறப்புப் பள்ளி. பறப்புப் பள்ளி 1942 ஜூலையில் மூடப்பட்டது. அவதானிகள் பள்ளி 1945 வரை நடந்தது.

விமானி ஆக வந்த ஒரு பெடியனின் பாதையைப் பாருங்கள். நாங்கள் ஒவ்வொரு ஓகஸ்டிலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோமே, எக்ஸிபிஷன் திடல், அங்கே உள்ள கொலிசியம் கட்டடத்தில்தான் அவனை முதலில் சேர்ப்பார்கள். கால்நடைக் கண்காட்சி நடத்தும் கட்டடம் அது. ஆயிரக்கணக்கில் இரட்டைக் கட்டில்கள் போட்டு, மாடும் குதிரையும் நின்ற இடத்தில் படுக்க வைத்தார்கள். சம்பளம் நாளுக்கு 1 டொலர் 30 சதம். பிறகு ரொறன்ரோவிலேயே எக்ளின்ரன் வேட்டைக் கழகத்தின் கட்டடத்தில் கணக்கும் காலநிலையும் படிப்பு. தேறினால் தொப்பியின் முன்பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணித்துண்டைச் செருகிக்கொள்ளலாம். பயிற்சியில் இருக்கும் விமானக்குழு ஆள் என்பதற்கு அதுதான் அடையாளம்.

அதற்குப் பிறகுதான் ஆரம்பப் பறப்புப் பள்ளி. ரைகர் மொத் என்ற இரட்டைச் சிறகுப் பயிற்சி விமானம், பக்கத்து வீட்டு அம்மா சொன்ன மஞ்சள் விமானங்களில் ஒன்று, ரொறன்ரோவில் டவுன்ஸ்வியூவிலேயே செய்யப்பட்டது. இங்கிலாந்தில் செய்ததற்கு மேல்மூடி கிடையாது. இங்கே குளிருக்காக மூடியும் சூடாக்கியும் சேர்த்தார்கள். ஏறக்குறைய எட்டுக் கிழமை, 50 மணித்தியாலப் பறப்பு. ஆசிரியரோடு பத்து மணித்தியாலம் போலப் பறந்ததும் ஒருநாள் ஆசிரியர் இறங்கிவிடுவார். "இனி நீயே போய்ச் சுற்றிவிட்டு வா." அதில் தடுமாறியவர்களை விமானி வேலையிலிருந்து எடுத்து, அவதானியாகவோ துப்பாக்கி இயக்குபவராகவோ பழக அனுப்பிவிடுவார்கள்.

1940 ஏப்ரல் 29ஆம் திகதி எக்ளின்ரனில் தொடங்கிய முதல் வகுப்பிலிருந்து விமானியாகத் தேறியவர்களைப் போருக்கு அனுப்பவில்லை. மறித்து இங்கேயே வைத்துக்கொண்டார்கள், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க. இதைப் படித்தபோது எனக்கு ஊரில் பள்ளிக்கூடத்தில் அண்ணன்மார் தம்பிமாருக்குப் பாடம் எடுத்த காலம் ஞாபகம் வந்தது. அந்த ஆசிரியர்களுக்கே இருபது, இருபத்திரண்டு வயதுதான்.

ஆனால் என் மனதில் அதிகம் பதிந்தது அவதானிகள் பள்ளிதான். வழி கண்டுபிடிக்கும் கலையை அங்கேதான் கற்றார்கள். அன்சன் என்ற இரட்டை எஞ்சின் விமானம். ஓட்டுபவர் ஒரு பொதுமகன், முன்பு காட்டுப்பகுதிகளுக்குச் சாமான் ஏற்றிப் பறந்த அனுபவசாலி. பின்னால் ஒரு சின்ன மேசையில் வரைபடமும் பென்சிலும் மணிக்கூடும் வைத்துக்கொண்டு இந்தப் பெடியன் இருப்பான். பழைய அன்சனில் சக்கரத்தை உள்ளே இழுக்க ஒரு கைப்பிடியை 140 தடவை போலச் சுற்ற வேண்டும். அதுவும் பெடியனின் தலையில்தான். கை விறைக்க அதைச் சுற்றி முடித்துவிட்டு, அதே கையால் பென்சில் பிடித்துக் கோடு போட வேண்டும்.

என் அப்பா திருகோணமலையில் கடலுக்குப் போனவர். சோளகம் அடிக்கும் நாளில் வள்ளத்தின் அணியத்தை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பிப் பிடித்தால் கரையில் எந்த இடத்தில் வந்து சேரலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கச்சான், கொண்டல், வாடை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். மோல்ரனில் படித்த கணக்கும் இதுதான். எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில், எத்தனை நிமிடம் பறந்தோம், காற்று எவ்வளவு தள்ளியது. மணிக்கு 30 மைல் வேகத்தில் குறுக்கே அடிக்கும் காற்றைக் கணக்கில் எடுக்காமல் விட்டால், இரண்டு மணித்தியாலத்தில் விமானம் 60 மைல் விலகி நிற்கும். பகலில் ஒன்ராறியோ வயல்களுக்கு மேலே என்றால் ரெயில் பாதையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். இரவில் கடலுக்கு மேலே என்றால் ஏழு பேருடைய உயிர் அந்தப் பென்சிலில் இருக்கிறது. அப்பா உயிரோடு இருந்திருந்தால் இதை அவரிடம் சொல்லியிருப்பேன். அவர் அந்தப் பெடியன்களை உடனே விளங்கிக்கொண்டிருப்பார்.

மோல்ரனில் தொடங்கிய முதல் அவதானி வகுப்பு, அடுத்து ஈரி ஏரிக்கரையில் ஜார்விஸ் என்ற இடத்தில் குண்டுபோடவும் சுடவும் பழகி, பிறகு மனிற்றோபாவில் றிவர்ஸ் என்ற இடத்தில் நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டுபிடிக்கப் படித்து, 1940 நவம்பரில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. இந்தத் திட்டத்திலிருந்து போருக்குப் போன முதல் ஆட்கள் அவர்கள்தான். எங்கள் விமானநிலையத்திலிருந்து போனவர்கள்.

இனி தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். எங்களுக்கு என்ன தொடர்பு?

1942இல் என் அம்மாவுக்கு 11 வயது. ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்று நாட்கணக்கில் எரிந்தது. சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் நடந்தது. அம்மா ஒரு ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாராம், திரும்பிப் பார்த்த நேரமெல்லாம் கறுப்புப் புகைதானாம். சாகும்வரை அந்தப் புகையைப் பற்றிச் சொன்னார்.

ஐந்து நாளைக்கு முன், ஏப்ரல் 4ஆம் திகதி, இலங்கையின் தென்கரையில் கொக்கலவிலிருந்து கிளம்பிய கனடியப் படையணியின் கற்றலினா நீர்விமானம் ஒன்று இலங்கைக்குத் தெற்கே கடலைத் தேடிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் லெனாட் பேர்ச்சல். இங்கே நயாகராப் பக்கத்தில், சென்ற் கதரின்ஸில் பிறந்தவர். தேடல் முடிந்து திரும்பும் நேரம். அப்போதுதான் நிலா எழும்பும், அதை வைத்துத் தாங்கள் இருக்கும் இடத்தைச் சரிபார்த்துவிடலாம் என்று விமானத்தின் வழிகாட்டுநர், அவரும் கனடியர், கேட்டதால் இன்னும் ஒரு சுற்றுப் பறந்தார்கள். அந்தச் சுற்றில்தான் அடிவானத்தில் ஜப்பானியக் கப்பல்களைக் கண்டார்கள். இடத்தையும் எண்ணிக்கையையும் செய்தியாக அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டார்கள். ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள். பேர்ச்சல் உட்பட ஆறு பேர் போர் முடியும்வரை ஜப்பானியர் சிறையில் இருந்தார்கள். அடுத்த நாள் ஈஸ்ரர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தபோது துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் முன்கூட்டியே வெளியேறியிருந்தன.

பேர்ச்சல் போருக்கு முன்பே விமானியானவர், மோல்ரனில் படித்தவர் அல்லர். ஆனால் கடலுக்கு நடுவே "நாங்கள் எங்கே இருக்கிறோம்" என்று ஒருவர் சரியாகக் குறித்ததால்தான் அந்தச் செய்திக்குப் பெறுமதி வந்தது. மோல்ரனில் ஐந்து வருடமாகச் சொல்லிக்கொடுத்தது அந்த ஒன்றைத்தான்.

இரண்டு விஷயங்களை மறைக்க விரும்பவில்லை. ஒன்று, போரின் தொடக்கத்தில் கனடிய விமானப்படையில் பறக்கும் பணிக்குச் சேர முழு ஐரோப்பிய வம்சாவளியாக இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அன்று என்னைப் போன்ற ஒருவன் அந்தக் கொலிசியம் வாசலில் போய் நின்றிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். போர் நடக்கும்போதே அந்த விதியை எடுத்துவிட்டார்கள், பிறகு கறுப்பினத்தவரும் சீன வம்சாவளியினரும் சேர்ந்து பறந்தார்கள். இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு மனம் நொந்தது, இன்றும் நோகிறது.

மற்றது, இங்கே பழகியவர்களில் பலர் ஜெர்மன் நகரங்கள் மேல் குண்டு போடப் போனார்கள். அங்கேயும் அம்மாவைப் போலப் பிள்ளைகள் இருந்தார்கள். நான் விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடிய தலைமுறை. விமானநிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதங்களில் தலைக்கு மேலே ஒரு விமானம் தாழப் பறந்தால் என் முழங்கால் தானாக மடியும். குண்டுவீச்சைப் பெருமையாகச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் போனவர்கள் யார் என்று பார்க்கிறேன். பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையணியில் மட்டும் 55,573 பேர் இறந்தார்கள், அவர்களில் ஏறக்குறைய 10,000 பேர் கனடியர். கனடாவை விட்டுப் போகாமலே, பயிற்சியிலேயே இறந்தவர்கள் 800 பேருக்கும் மேல். பனிமூட்டத்தில் வழிதவறி, எஞ்சின் நின்று, தரையில் மோதி. பெற்றோருக்கு ஒரு தந்தி போயிருக்கும். எங்கள் ஊரில் அந்தத் தந்தி எப்படி இருக்கும் என்று தெரியாத வீடு உண்டா?

பக்கத்து வீட்டு அம்மா ஆணி அடித்த தொழிற்சாலை விமானநிலையத்தோடு ஒட்டியே இருந்தது. பெயர் விக்டரி எயார்கிராவ்ற். 1943 ஓகஸ்டில் முதல் லங்காஸ்ரர் வெளியே வந்தது. மொத்தம் 430 செய்தார்கள். அதில் ஒன்றில்தான் 1944 ஜூன் மாத இரவு அன்ட்ரூ மினார்ஸ்கி என்ற வின்னிப்பெக்காரர் இறந்தார். விமானம் தீப்பற்றியதும் குதித்துத் தப்பியிருக்கலாம். பின்பக்கத் துப்பாக்கிக் கூண்டுக்குள் நண்பன் சிக்கியிருந்தான். தீக்குள் தவழ்ந்து போய்க் கையால் கூண்டை உடைக்கப் பார்த்தார். முடியாமல், உடை எரிய எரிய, நண்பனைப் பார்த்து சலூட் அடித்துவிட்டுக் குதித்தார். அவர் பிழைக்கவில்லை. கூண்டுக்குள் இருந்தவர், விமானம் விழுந்து நொறுங்கியும், பிழைத்தார். அவர் சொல்லித்தான் உலகத்துக்கு இது தெரிந்தது, மினார்ஸ்கிக்கு வீரத்துக்கான மிக உயர்ந்த பதக்கமான விக்டோரியா சிலுவை கிடைத்தது.

விமானநிலையத்தின் பெயரையும் பாருங்கள். லெஸ்ரர் பியர்சன் முதல் உலகப் போரில் விமானியாகப் பழகப் போனவர். லண்டனில், விளக்கணைத்த இருட்டில், பஸ் மோதிக் காயப்பட்டதால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் போரில் வொஷிங்ரனில் கனடியத் தூதரகத்தில் வேலை செய்தார். 1943 புத்தாண்டில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ற் இந்தப் பயிற்சித் திட்டத்தைப் பாராட்டிக் கனடாவை "ஜனநாயகத்தின் விமானத்தளம்" என்று எழுதிய கடிதம் உண்டு. அதை எழுதிக்கொடுத்தவர் பியர்சன்தான். அந்த நிலையத்துக்கு 1984இல் அவர் பெயரை வைத்தார்கள். நான்கு வருடம் கழித்து நான் வந்து இறங்கினேன்.

இன்று மோல்ரனில் பஞ்சாபியரும் தமிழரும் கரிபியரும் நிறைந்திருக்கிறோம். டெரி வீதியில் நின்று பார்த்தால் தலைக்கு மேலே இரண்டு நிமிடத்துக்கு ஒரு விமானம். அதில் யாராவது ஒருவர் முதன்முதலாக இந்த நாட்டுக்கு வந்துகொண்டிருப்பார். எங்கள் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியில் 'நாங்கள் வந்த கதை' என்று கட்டுரை எழுதும்போது, வந்து இறங்கிய நிலத்தின் கதையையும் இரண்டு வரி எழுதட்டும் என்று ஆசிரியர்மாரைக் கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியர் அவர்களே, 1942 ஏப்ரலில் திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ கொழும்பிலோ இருந்தவர்கள் இங்கே இன்னும் ஒரு சிலர் இருக்கக்கூடும், எல்லாரும் எண்பதைத் தாண்டியிருப்பார்கள். அவர்கள் சொல்வதை உங்கள் பத்திரிகை இப்போதே எழுதி எடுத்து வைக்க வேண்டும். என் அம்மாவிடம் நான் எழுதி எடுக்கவில்லை. அந்த ஆட்டுக்குட்டி என்ன ஆனது என்றுகூடக் கேட்கவில்லை.

கடைசியாக, கடிதம் எழுதிய தம்பிக்கு. ஹமில்ரன் விமானநிலையத்தில், மவுன்ற் ஹோப்பில், பழைய விமானங்களின் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அதுவும் போர்க்காலத்தில் பயிற்சித் தளமாக இருந்த இடம்தான். அங்கே நிற்கும் லங்காஸ்ரர் 1945 ஜூலையில் மோல்ரனில் செய்தது, மினார்ஸ்கியின் விமானத்தின் எழுத்துகளைத் தீட்டி வைத்திருக்கிறார்கள். பறக்கக்கூடிய நிலையில் வைத்திருக்கும் லங்காஸ்ரர் உலகத்தில் இரண்டே இரண்டுதான், அதில் ஒன்று அது. மஞ்சள் விமானங்களும் இருக்கின்றன. சிறகுக்குக் கீழே போய் நின்று ஆணி வரிசைகளை அண்ணாந்து பார்க்கலாம். நான் போகும்போதெல்லாம் அந்த அம்மா அடித்த ஆணி எது என்று தேடுவேன்.

ஒரு சனிக்கிழமை வாருங்கள் தம்பி, நானே காரில் கூட்டிக்கொண்டு போகிறேன். என் முகவரி ஆசிரியரிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானநிலையத் தொழிலாளி ஒருவர்,
மோல்ரன், மிசிசாகா